பிள்ளைக்காம்பராவுக்கு எத்தனை கொக்கி

வேலையை ஒப்புக்கொள்ளுமுன் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவான் என்று பதுளைக் கடைவீதியில் எனக்கு ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற ஆசாரிமார் மரத்தை அளப்பார்கள். நான் முதலில் ஆளை அளப்பேன். புடவைக்கடை முதலாளி ஒருவர் அலுமாரி வேண்டும் என்று வந்தார். அதற்குள் என்ன வைப்பீர்கள், தினம் திறப்பீர்களா, பெருநாளுக்குப் பெருநாள் திறப்பீர்களா, திறக்கிறவருக்கு எவ்வளவு உயரம் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "அலுமாரிதானே கேட்டேன், நீங்க என்ன சம்பந்தம் பேசுற மாதிரி கேக்குறீங்க" என்றார். ஆனால் அலுமாரி வீட்டுக்குப் போன பிறகு அவர் வீட்டம்மா நல்ல வார்த்தை சொல்லியனுப்பினார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வாயைத் திறந்து கேட்டால் பதில் வரும், வந்த பதிலை எழுதி வைத்துக்கொண்டால் வேலை பிசகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்போடுதான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு ஏறிப்போனேன்.

அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து இரும்பாணி முதற்கொண்டு எல்லாம் மாட்டுவண்டியில்தான் வரவேண்டும். தோட்டத்துத் துரை பிள்ளைக்காம்பரா ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஓர் அறை. அதுவரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மலையேறுவார்கள். நிழல்மரத்துக் கிளையில் பழஞ்சேலையைக் கட்டித் தொட்டில் போடுவார்கள். அழுதால் ஓடிவந்து பால் கொடுப்பார்கள். ஒரு காற்று நாளில் கிளை ஒன்று முறிந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துரை அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அவர் போட்ட உத்தரவு இதுதான். காம்பரா திறந்த நாளிலிருந்து கைப்பிள்ளையோடு யாரும் மலையேறக் கூடாது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வருகிறவளுக்குத்தான் பேர். பேர் என்றால் அன்றைய வேலை செக்ரோல் புத்தகத்தில் பதிவாவது. பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. ஆக, நான் வேலை செய்யப் போகிற அறையில் பிள்ளையை விடுவதைத் தவிர அந்தப் பெண்களுக்கு வேறு போக்கில்லை. என் வேலை கோணலானால் அது பச்சைப் பிள்ளைகளின் தலையில்தான் விழும். இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

சுவரும் கூரையும் தோட்டத்து ஆட்களே முடித்திருந்தார்கள். தொட்டில்கள் தொங்க ஒரு விட்டம், விட்டத்தில் இரும்புக் கொக்கிகள், கதவு, ஜன்னல் பலகை, இவை என் பங்கு. நடுவில் தூண் வேண்டாம் என்றார் துரை. வாசலில் நின்று பார்த்தால் எல்லாப் பிள்ளையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமாம். அப்படியானால் விட்டம் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். எத்தனை தொட்டில் என்று கேட்டேன். இருபது போதும் என்றார்.

துரை சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பினால் நான் என்ன ஆசாரி? மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கே போய் நின்றேன். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற இடம் அது. யார் யாருக்குக் கைப்பிள்ளை இருக்கிறது, எத்தனை என்று சத்தமாகக் கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி தன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருபது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். உடனே பெண்கள் அத்தனை பேரும் "ஆமாங்க" என்றார்கள். கங்காணி முன்னால் சொல்கிற ஆமாங்கவுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த கெட்டிக்காரன் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, கங்காணி பக்கத்தில் இல்லாமல், அவர்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற லயங்களுக்கு நானே போனேன்.

பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் முடி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். முகம் கோணாமல் வரவேற்றார்கள். கடித்துக்கொள்ளக் கருப்பட்டியோடு, பால் விடாத தேத்தண்ணியான சாயத்தண்ணியும் கொடுத்தார்கள். முதல் வீட்டுக்காரி, "ஒண்ணு கெடக்குதுங்க" என்று உள்ளே கையைக் காட்டினாள். அடுத்த வீட்டில் வாசலிலேயே மூன்று உருண்டுகொண்டிருந்தன. அவளோ ஏதோ ஒன்றிரண்டு இருக்கிறது என்றாள். ஒன்றா இரண்டா தாயி என்றேன். ஒன்றே போட்டுக்கொள்ளச் சொன்னாள். இன்னொருத்தி மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை அக்கா பிள்ளை என்றாள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் அக்காவைக் கேட்டால் அது தங்கச்சி பிள்ளை என்கிறாள். விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு ஒன்று என்று எழுதினேன். நிறைமாதமாக நின்ற ஒரு பெண்ணிடம் உனக்கும் ஒரு தொட்டில் வேண்டியிருக்குமே என்று கேட்டுவிட்டேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் சாயத்தண்ணி தொண்டையில் நின்றது. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று புரிந்தது. ஏன் தப்பு என்று யோசிக்க எனக்குப் பொறுமையில்லை, இன்னும் இரண்டு லயம் பாக்கி இருந்தது.

கடைசி லயத்தின் கோடியில் ஒரு காம்பரா. சின்ன வயதுப் பெண் ஒருத்தி கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள், "எனக்குப் புள்ள இல்லைங்க" என்றாள். கதவுக்குப் பக்கத்துக் கொடியில் உள்ளங்கை அகலத்தில் நாலைந்து பழந்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஆனால் அவள் சொன்னதைத்தான் எழுதினேன். எழுதியதற்குக் கீழே கோடு வேறு போட்டேன்.

கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது வந்தது. துரை இருபது, கங்காணி இருபது, என் கணக்கு பத்தொன்பது. மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போனதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் கூசுகிறது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று நாலைந்து சேர்த்து இருபத்துநாலு கொக்கி அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். அந்தப் பாரத்தை நல்ல பலா விட்டம் நடுத்தூண் இல்லாமலே தாங்கும். நாற்பது தொட்டில் என்று தெரிந்திருந்தால் துரையோடு சண்டை போட்டாவது தூணை நட்டிருப்பேன். இருபத்துநாலுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

திறக்கிற நாளில் ஒரு ஜன்னல் பலகை பாக்கி இருந்ததால் நானும் காலையிலேயே அங்கே இருந்தேன். பிள்ளை பார்க்க நியமித்திருந்த ஆயா, கை வாதத்தால் கொழுந்து எடுக்க முடியாமல் போன பெண். வாய்க்கு மட்டும் வாதத்தால் ஒரு குறையும் வரவில்லை. அவள் அறையைக் கூட்டிச் சாம்பிராணி போட்டு வைத்திருந்தாள். தாய்மார் வரத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பழஞ்சேலை, கயிறு. கொக்கியில் கட்டிப் பிள்ளையைக் கிடத்தி, ஒருதரம் ஆட்டிவிட்டு வெளியே போனார்கள். இன்னும் வந்தார்கள். ஒன்றே போட்டுக்கொள்ளச் சொன்னவள் இரண்டோடு வந்தாள். அக்கா தங்கச்சி இருவரும் ஆளுக்கொன்றோடு வந்தார்கள். கொக்கி தீர்ந்தது. ஒரே கொக்கியில் இரண்டு இரண்டாகக் கட்டினார்கள். பிறகு விட்டத்தைச் சுற்றியே கயிற்றைப் போட்டார்கள்.

விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஆயா பாய்ந்து வந்து என் விரலைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். பிள்ளைகளை அப்படி எண்ணக் கூடாது, கண் பட்டுவிடும் என்றாள். முப்பத்து நாலாவதில் விட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை, சுள்ளி ஒடிகிற அளவுதான். மரத்தோடு பிழைக்கிறவனுக்கு அது போதும். விட்டம் சுவரில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

நடுவில் உள்ள தொட்டில்களை எல்லாம் இறக்குங்கள் என்று கத்தினேன். வெளியே ஓடி, மலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த கங்காணியிடம், முட்டுக் கொடுக்கும்வரை தாய்மார் இருக்க ஒரு மணி நேரம் கேட்டேன். மணி என் பைக்குள்ளேயா இருக்கிறது என்றார் அவர். பேர் வேண்டும் என்கிறவள் இப்போதே கிளம்பட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கங்காணியை ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் பெண்கள் மேல் பாய்ந்தேன். வாசல் வாசலாக வந்து கேட்டேனே, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள், ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர்கள் பதறவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. தொட்டில்களை இறக்கித் தரையில் சாக்கு விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். போகிறபோக்கில் ஒருத்தி நின்று திரும்பினாள்.

"நாங்க பொய் சொல்லலீங்க ஆசாரி. பெத்தவ வாயால புள்ளய எண்ணிச் சொல்ல மாட்டோம். அவ்வளவுதான்."

நான் கதவுக்கு வைத்திருந்த கனத்த சட்டம் ஒன்றை எடுத்து விட்டத்தின் நடுவில் முட்டுக்கொடுத்தேன். முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் அந்தக் கோடி லயத்துப் பெண். இடுப்பில் ஒரு பிள்ளை. கன்னம் இரண்டிலும் கரி, உடம்பில் கிழிந்த சாக்குத் துண்டு. அவ்வளவு அழுக்கிலும் கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. அவள் விட்டத்தைப் பார்த்தாள், தரையில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லயத்துப் பக்கம் திரும்பி நடந்தாள்.

ஆயாதான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இதற்கு முன் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி கையால் எடுக்கச் சொல்லி, ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாளாம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, அவள் பெற்ற பிள்ளை இல்லை. அப்படியென்றால் எமன் தேடிக்கொண்டு வரமாட்டான் என்று கணக்கு. ஊரில் எங்கள் பக்கத்திலும் இது உண்டு. பிள்ளையை மலைக்குத் தூக்கிப் போகவும் தனியே விட்டுப் போகவும் பயந்து அவள் பல நாள் வேலைக்குப் போகவில்லை. இன்னும் நாள் போனால் செக்ரோலில் பேரையே வெட்டிவிடுவேன் என்று பேர் பதிகிற கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். பேர் போனால் குடியிருக்கிற காம்பராவும் போகும். நல்ல அறை ஒன்று வருகிறது, பத்திரமாகப் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று அவள் காத்திருந்த அறை இதுதான்.

அன்று பதுளைக்கு இறங்கி வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். துரை, கங்காணி, பெண்கள், பலாமரம் ஒன்றையும் விடவில்லை. வீட்டில் என் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போன வருசம் தலைக்கணக்கு எழுத வந்த ஆள் கேட்டப்போ நீங்க எத்தனன்னு சொன்னீங்க?" என்றாள்.

மூன்று என்று சொல்லியிருந்தேன். எங்களுக்கு நான்கு. கடைசிப் பெண் அப்போது பட்டறைக்குப் பின்னால் சீவல் குவியலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சொன்னது பொய் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. நாலாவதைச் சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். என் மனைவி முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கத் தெரிந்தவன், தன் வாயே எங்கே மூடிக்கொள்ளும் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இரண்டு நாள் பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. உளியைத் தீட்டுவதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. என் வேலைக்குப் பிள்ளைக் கணக்கு எதற்கு? எத்தனை பிள்ளை என்று தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்? எனக்குத் தெரிய வேண்டியது விட்டத்தில் எத்தனை கயிறு ஏறும் என்பதுதான். அதை விட்டுவிட்டு அவர்களால் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டு, கிடைத்ததை வேதவாக்காக எழுதி வைத்திருக்கிறேன்.

துரையிடம் போய், பிசகு என்னுடையது, நடுவில் தூண் இல்லாமல் ஆகாது, இரண்டாவது விட்டமும் வேண்டும் என்றேன். முட்டுக்கொடுத்த சட்டத்தையும் வெடித்த இடத்தையும் அவரே வந்து பார்த்தார். ஒரே பார்வைக்குத் தெரிய வேண்டும் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வேலை முடியும்வரை பிள்ளைகளைத் தரையில் சாக்கில் போட்டிருந்தார்கள். ஈரமண் தரை. இருமல் சத்தம் பட்டறை வரை எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. அந்தக் கோடி லயத்துப் பெண் மட்டும் ஒருநாளும் வரவில்லை என்று ஆயா சொன்னாள். கணக்கப்பிள்ளை அடுத்த வாரச் சனிக்கிழமை வரைதான் தவணை கொடுத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு விட்டத்திலிருந்து கழற்றிய கொக்கிகளோடு கொல்லரிடம் புதிதாக வாங்கியவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். முற்றத்தில் சாக்கை விரித்துக் கொக்கிகளைப் பரப்பினேன். கையில் புத்தகமும் இல்லை, பென்சிலும் இல்லை. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொண்டு போய் ஆயாவிடம் கொடுத்துவிடுங்கள், அடிக்கிறது என் வேலை என்றேன். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. ஒருத்தி இரண்டு எடுத்தாள். ஒருத்தி ஒன்று எடுத்து, யோசித்து, இன்னொன்றும் எடுத்தாள். நிறைமாதக்காரியின் மாமியார் வந்து ஒன்றை எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள். என்னைப் பார்த்து இந்தத் தடவை முறைக்கவில்லை. சாயங்காலம் ஆயா முறத்தில் கொட்டிக் கொடுத்ததை நான் சத்தமாகவே எண்ணினேன். முப்பத்தொன்பது. கொக்கியை எண்ணினால் யாருக்கும் கோபமில்லை.

சாக்கைச் சுருட்டும்போது அந்தப் பெண் வந்து நின்றாள். மீந்த கொக்கிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்துக்கொள் தாயி என்றேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் எடுக்க மாட்டேங்க. நீங்களா ஒண்ணு கூடுதலா அடிச்சு வைங்க. யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

சரி என்று தலையை ஆட்டினேன். மீந்ததில் ஒன்றை எடுத்து என் மடியில் முடிந்துகொண்டேன்.

அந்த வாரமே இரண்டு தூணும் இரண்டாவது விட்டமும் நின்றன. நாற்பதாவது கொக்கியை ஆயா உட்காருகிற மூலையில், ஜன்னல் காற்று அடிக்காத இடத்தில் அடித்தேன். மற்ற கொக்கிகளில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அதில் மட்டும் நானே தொங்கிப் பார்த்தேன். ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும் என்று இன்னொரு தரமும் தொங்கினேன்.

சனிக்கிழமை காலையில் அவள் வந்தாள். எல்லோரும் கட்டி முடித்துப் போன பிறகு கடைசியாகத்தான் வந்தாள். என்னையோ ஆயாவையோ பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போய்ச் சேலையைக் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள். கரி பூசிய அந்தப் பிள்ளையைக் கிடத்தினாள். முத்தம் கொடுக்கவில்லை, ஆட்டிவிடவுமில்லை. யாரோ கொடுத்த மூட்டையை வைத்துவிட்டுப் போகிறவள்போல் கொழுந்துக் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். பிள்ளை அழத் தொடங்கியது. அவள் நடை ஒரு கணம் நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலைப்பாதையில் அவள் முதுகு மறைகிறவரை அவள் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்தால் அது அவள் பிள்ளை என்று தெரிந்துவிடும் அல்லவா.